பூட்டு இருக்கு... பூட்டினோமா?

திண்டுக்கல்காரர்களுக்குப் பூட்டைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எவ்வளவு உசத்தியான மாங்காய்ப் பூட்டாக இருந்தாலும், சாவியைத் திருப்பாமல் சும்மா தொங்கவிட்டுப் போனால் என்ன பிரயோஜனம்? திருடன் லேசாகத் தட்டினாலே கதவு திறந்துகொள்ளும்.

தொற்றுநோய்த் தடுப்பும் அப்படித்தான். உங்கள் வீட்டு ஒன்பதாம் வகுப்புப் பையனைக் கூப்பிட்டு, "கொரோனா எப்படிப்பா பரவும்?" என்று கேட்டுப் பாருங்கள். இருமல், தும்மல், மாஸ்க், சோப்பு, 20 விநாடி... மூச்சு விடாமல் ஒப்பிப்பான். ஐந்து மார்க் கேள்வி என்றால் முழு மார்க்! அடுத்த நிமிஷமே, வெளியே விளையாடிவிட்டு வந்த கையை அப்படியே முறுக்கு டப்பாவுக்குள் விடுவான்.

விஷயம் தெரிகிறது, பழக்கம்தான் வரவில்லை. பூட்டு இருக்கு, பூட்டவில்லை. இந்த இடைவெளியை எப்படி அடைப்பது என்பதுதான் இன்றைய பாடம்.

மறுபடியும் கொரோனாவா?

"அதுதான் முடிஞ்சு போச்சே!" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 மே 5 அன்று அவசர நிலையை விலக்கிக்கொண்டது உண்மைதான். ஆனால் வைரஸ் ஊரைவிட்டுப் போய்விடவில்லை. தவிர, பெருந்தொற்று என்பது ஒரே தடவை வந்து போகிற விருந்தாளியும் அல்ல. 1918, 1957, 1968, 2009 ஆகிய ஆண்டுகளில் ஃப்ளூ, 2020-ல் கொரோனா என்று ஒரு நூற்றாண்டுக்குச் சற்றுக் கூடுதலான காலத்தில் ஐந்து முறை வந்துவிட்டது. அடுத்ததற்கு யாராலும் தேதி குறிக்க முடியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். இன்று பத்தாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை 2020-ல் தொடக்கப்பள்ளிக் குழந்தை. அப்போது கை கழுவியதெல்லாம் அம்மா அதட்டியதால்தான். இப்போது அதே பிள்ளைக்குச் சொந்த புத்தி, சொந்த சைக்கிள், சொந்த சிநேகிதர் கூட்டம். அதட்டல் பலிக்காது.

பயம் எத்தனை நாள் தாங்கும்?

2020 மார்ச்சில் பள்ளிகளை மூடினார்கள். அந்த வருஷத்துப் பத்தாம் வகுப்புப் பரீட்சை தள்ளித் தள்ளிப் போய், ஜூன் 9-ல் ரத்தே ஆனது. பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பள்ளி மறுபடி திறந்தது 2021 ஜனவரி 19-ல். வகுப்புக்கு 25 பேர், வாசலில் காய்ச்சல் சோதனை, கையில் சானிடைசர் என்று ஏக கெடுபிடி.

முதல் வாரம் எல்லா முகத்திலும் மாஸ்க் ஒழுங்காக இருக்கும். நாள் ஆக ஆக அது மூக்கைவிட்டு இறங்கும். பிறகு தாடைக்கு வரும். கடைசியில் புத்தகப் பைக்குள் போய்விடும். உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். இது நம் பிள்ளைகளின் தனிக் குணம் அல்ல. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2020-லேயே இதற்குப் 'பெருந்தொற்றுக் களைப்பு' என்று பெயர் வைத்துத் தனி அறிக்கையே வெளியிட்டது. எந்த மனுஷனாலும் மாதக்கணக்கில் பயந்துகொண்டே இருக்க முடியாது. பயத்தை நம்பிக் கட்டிய பழக்கம், பயம் தெளிந்ததும் போய்விடும்.

பேகம்பூரில் ஒரு காலை

ஹைதர் அலியின் தங்கை அடங்கியிருக்கும் பெரிய பள்ளிவாசலால் பெயர் பெற்ற பேகம்பூர். அங்கே ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பெண். அத்தா, அம்மா, தம்பி. உள் அறையில், சர்க்கரை நோயோடு இருக்கும் நன்னிமா.

"ம்மா, உடம்பு சுடுதும்மா... தொண்டையும் வலிக்குது."

"லேசாத்தானே சுடுது? இன்னைக்கு கணக்குப் பரீட்சைன்னு சொன்னியே. ஒரு பாராசிட்டமால் போட்டுட்டுப் போயிட்டு வா."

பெண்ணும் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போகிறாள். பத்து மணிக்குள் சூடு தணிந்துவிடுகிறது. ஆனால் தணிந்தது சூடு மட்டும்தான். கிருமி அப்படியே இருக்கிறது. நெருக்கியடித்த ஆட்டோ, ஜன்னல் சாத்திய வகுப்பறை, ஒரே தண்ணீர் பாட்டிலில் நாலு பேர், சாயங்காலம் டியூஷன். ராத்திரி வழக்கம்போல நன்னிமாவின் பக்கத்தில் படுக்கை.

அந்தப் பெண்ணுக்கு மூன்று நாளில் சரியாகிவிடும். பதின்வயதில் பெரும்பாலோருக்குக் கொரோனா லேசாகத்தான் வந்து போனது. அதே கிருமி, வயதான, சர்க்கரை உள்ள ஓர் உடம்புக்குள் போனால்? அங்கேதான் கணக்கு மாறுகிறது. போதாததற்கு, அறிகுறி தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே மற்றவருக்குப் பரவத் தொடங்கும் குணமும் இந்த வைரஸுக்கு உண்டு.

அம்மாவைக் குறை சொல்லிப் பயனில்லை. ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளைக்குப் பரிசு கொடுப்பது நம் வழக்கம். 2020-ல் பரீட்சை ரத்தானபோதுகூட மார்க்கில் 80 சதவீதம் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுக்கு, 20 சதவீதம் வருகைப்பதிவுக்கு என்றுதான் கணக்கிட்டார்கள். 'காய்ச்சலோடும் போனாள்' என்பதை நாமே பெருமையாகப் பேசுகிறோம். பிறகு பிள்ளை வேறு எதைக் கற்றுக்கொள்ளும்?

பிள்ளை மனசில் என்ன ஓடுகிறது?

ஒன்று: "எனக்கு ஒண்ணும் ஆகாது." இது பாதி உண்மை. அதனால்தான் "உனக்கு வந்துடும், ஜாக்கிரதை!" என்ற மிரட்டல் எடுபடுவதில்லை. "நீ ஜாக்கிரதையா இருந்தா நன்னிமா பத்திரமா இருப்பாங்க" என்று சொல்லிப் பாருங்கள். தன் கையில் ஒரு பொறுப்பு இருக்கிறது என்றால், இந்த வயசு நிமிர்ந்து உட்காரும்.

இரண்டு: "நான் மட்டும் போட்டா கிண்டல் பண்றாங்க." பதின்வயதில் டாக்டர் சொல்வதைவிட பக்கத்து பெஞ்ச் சொல்வதுதான் வேதம். அதனால் ஒரு பிள்ளையை மட்டும் திருத்தப் பார்க்காதீர்கள். கூடவே போய்வரும் நாலைந்து பேரின் அம்மாக்கள் சேர்ந்து ஒரே முடிவு எடுங்கள். 'நம்ம செட்ல எல்லாருக்கும் தனித்தனி பாட்டில்' என்று ஆகிவிட்டால் கிண்டலுக்கு இடமே இல்லை.

மூன்று: "சொன்னா அசிங்கம்." இதுதான் ஆபத்தானது. 2020-ல் நோய் வந்த தெருக்களைத் தடுப்பு வைத்து அடைத்தார்கள். வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நோய் வந்தவரைக் குற்றவாளி மாதிரி பார்த்தவர்களும் உண்டு. இந்தத் தெருவால் வந்தது, இன்னாரால் வந்தது என்று பேச்சு வேறு. வைரஸுக்கு ஜாதியும் தெரியாது, மதமும் தெரியாது. பழி வரும் என்று தெரிந்தால் யாரானாலும் காய்ச்சலை மறைப்பார்கள். மறைத்தால் கூடுதலாகப் பரவும். உங்கள் பிள்ளை "உடம்பு சரியில்லை" என்று வாய்விட்டுச் சொன்னால், முதல் வார்த்தையாக "சொன்னது நல்லதாப் போச்சு" என்று சொல்லுங்கள்.

சாவியைத் திருப்ப ஆறு வழி

1. சோப்பைக் கண்ணில் படும்படி வையுங்கள். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், குவளை, சோப்பு. கொரோனா வைரஸைச் சுற்றிக் கொழுப்பு உறை இருக்கிறது. சோப்பு நுரை அந்த உறையை உடைத்துவிடும். அதற்குத்தான் 20 விநாடி. தண்ணீர்ப் பஞ்சமா? தேய்க்கும்போது குழாயை மூடிவிடுங்கள். கழுவ இரண்டு குவளை போதும்.

2. ஜன்னலைத் திறங்கள். மூச்சிலும் பேச்சிலும் வெளிவரும் நுண்துளிகள் அடைத்த அறைக்குள் வெகுநேரம் மிதக்கும். எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருந்தால் காற்றோடு வெளியேறும். டியூஷன் அறைக்கும் இது பொருந்தும். ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

3. மாஸ்க்கைத் தினமும் போடச் சொல்லி நச்சரிக்காதீர்கள். இருமல், சளி இருக்கும்போதும், நோய் பரவும் காலத்தில் கூட்டத்துக்குள் போகும்போதும் போட்டால் போதும். ஆனால் போட்டால் மூக்கும் வாயும் மூடியிருக்க வேண்டும்!

4. காய்ச்சல் என்றால் வீடு. மாத்திரை போடாமலே 24 மணி நேரம் சூடு இல்லாமல் இருந்தால் பிறகு பள்ளிக்கு அனுப்புங்கள். அதுவரை பெரியவர்களுக்குப் பக்கத்தில் படுக்கை வேண்டாம். மூச்சுத் திணறல், அசாதாரணமான சோர்வு, சிறுநீர் குறைதல், விடாத வாந்தி இருந்தால் உடனே டாக்டரிடம் போய்விடுங்கள். சந்தேகம் கேட்க 104-க்கு போன் செய்யலாம்.

5. தடுப்பூசிக் கணக்கைப் பாருங்கள். நம் நாட்டில் 15 முதல் 18 வயதினருக்குக் கொரோனா தடுப்பூசி தொடங்கியது 2022 ஜனவரி 3-ல். அதைப் போட்ட பிள்ளைகள் இப்போது பள்ளி முடித்துவிட்டார்கள். இன்றைய மாணவருக்கு 10, 16 வயதுகளில் போடவேண்டிய டிடி ஊசி விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு ஃப்ளூ ஊசி தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

6. நீங்கள் முதலில் செய்யுங்கள். அத்தாவோ அப்பாவோ, வேலை முடிந்து வந்ததும் நேரே வாளிக்குப் போய்க் கை கழுவினால், பிள்ளைக்குத் தனியாக உபதேசம் தேவையில்லை.

பரீட்சை மறுபடி எழுதலாம்

அந்தப் பேகம்பூர் வீட்டுக்குத் திரும்பிப் போவோம். அதே காலை, அதே காய்ச்சல். இந்த முறை அம்மா சொல்கிறார்: "சரி, இன்னைக்குப் போக வேணாம். டீச்சருக்கு நான் போன் பண்ணிச் சொல்றேன். நன்னிமா ரூம் பக்கம் போகாம முன்னறையில படு."

ஒரு கணக்குப் பரீட்சை போயிற்று. அடுத்த வாரம் கேட்டு எழுதிக்கொள்ளலாம். நன்னிமாவை அப்படிக் கேட்டு வாங்க முடியுமா?

இன்று ராத்திரி சாப்பிட உட்காரும்போது, கை கழுவிவிட்டு, உங்கள் பிள்ளையிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நம்ம வீட்ல யாரைப் பாதுகாக்கிற பொறுப்பு உன்னோடது?" பதில் வந்துவிட்டால், சாவி திரும்பிவிட்டது என்று அர்த்தம்.