வீட்டு மொழியில் ஒரு நலச்செய்தி

பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூர், மலையப்ப நகர் ஆகிய இடங்களில் நரிக்குறவர் குடியிருப்புகள் உள்ளன. என் வகுப்பிலும் இச்சமூகக் குழந்தைகள் பயில்கின்றனர். அவர்களின் வீட்டுமொழி வாக்ரிபோலி. அதற்குத் தனி எழுத்து இல்லை.

சென்ற ஆண்டு குடற்புழு நீக்க நாள். நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி 400 மி.கி. அல்பெண்டசோல் மாத்திரையை மெல்லாமல் கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டா பின்னால பிள்ளை பொறக்காதுன்னு அம்மா சொல்லிச்சு சார்."

முன்தினம் நான் கொடுத்தனுப்பிய துண்டறிக்கை அவள் பையிலேயே இருந்தது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்குத் தாளை அனுப்பியது என் தவறு.

வற்புறுத்தவில்லை. மாலையில் கிராம சுகாதாரச் செவிலியருடன் அவள் வீட்டுக்குச் சென்றேன். செவிலியர் விளக்க, மாணவியே வாக்ரிபோலியில் எடுத்துச் சொன்னாள். "இதை முன்னாடியே வந்து சொல்லியிருக்கலாமே சார்" என்றார் தாய். விடுபட்டோருக்கான நாளில் மாணவி மாத்திரையை மென்று விழுங்கினாள்.

இவ்வாண்டு செய்தவை:

1. வெறுங்காலுடன் மண்ணில் நடத்தல், கொக்கிப்புழு தோல்வழி நுழைதல், இரத்தசோகை ஏற்படுதல் என மூன்று படங்களை மாணவர்கள் வரைந்தனர்.

2. படங்களை வீட்டில் காட்டி, வீட்டு மொழியிலேயே விளக்கினர்.

3. பெற்றோர் கேட்ட கேள்விகளைக் கரும்பலகையில் எழுதினோம். எதையும் கேலி செய்யவில்லை. செவிலியர் வகுப்புக்கு வந்து விடையளித்தார்.

4. பாசிமணி விற்கக் குடும்பங்கள் திருவிழாக்களுக்குச் செல்லும் நாள்களை முன்பே கேட்டுக் குறித்துக்கொண்டோம்.

பச்சைமலை அடிவாரப் பள்ளியோ, அரியலூர்ப் பள்ளியோ, உங்கள் வகுப்பில் எத்தனை வீட்டுமொழிகள் உள்ளன? அடுத்த மாத்திரை நாளுக்கு முன் கேட்டறியுங்கள்.