லினக்ஸ் கணிப்பொறியும் நற்பழக்கங்களும்

கிராம சபைத் தீர்மானங்கள், பயனாளிகள் பட்டியல், வரி வசூல் விவரம் ஆகியவற்றைக் கணிப்பொறியில் எழுதி வைக்கும் வழக்கம் ஊராட்சிகளில் பெருகியுள்ளது. கணிப்பொறியை இயக்கும் அடிப்படை மென்பொருள்களுள் லினக்ஸ் ஒன்றாகும். பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ஆம் ஆண்டில் இதன் கருவை வெளியிட்டார். இதனைக் கட்டணமின்றிப் பெறலாம், பிறருக்கும் வழங்கலாம். நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்னும் பதிப்பை உருவாக்கியுள்ளது.

விலையின்றிக் கிடைப்பதாயினும் இதனைப் பொறுப்புடன் கையாள வேண்டும். புதிதாகப் பழகுவோர் தொடக்கத்திலேயே கைக்கொள்ள வேண்டிய பழக்கங்களை ஈண்டுக் காண்போம்.

அதிகாரம் அளவோடு

லினக்ஸில் சாதாரணப் பயனர் தம் கோப்புகளையே மாற்ற இயலும். 'ரூட்' என்னும் தலைமைப் பயனரோ எதனையும் மாற்றலாம், அழிக்கவும் செய்யலாம். ஆதலின் அன்றாடப் பணிகளைச் சாதாரணப் பயனராகவே செய்தல் வேண்டும். மென்பொருள் நிறுவுதல் போன்ற வேளைகளில் மட்டும் 'சூடோ' கட்டளையால் தலைமை அதிகாரம் பெறலாம். வயலுக்குச் செல்வோர் பத்தாயத்தைத் திறந்து போட்டுச் செல்வதில்லை அன்றோ? ஒரே பொறியைப் பலர் பயன்படுத்தினால், ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் அமைத்தல் நலம்.

அறிந்து கட்டளையிடுதல்

பொருள் விளங்காத கட்டளையைப் பிறர் சொற்கேட்டுத் தட்டச்சு செய்யலாகாது. 'ஆர்எம்' கட்டளையால் நீக்கிய கோப்பு குப்பைத் தொட்டிக்குச் செல்லாது, உடனே நீங்கிவிடும். கோப்பின் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கொள்ளப்படும் என்பதையும் நினைவிற் கொள்க.

நம்பத்தக்க மென்பொருள்

டெபியன், உபுண்டு முதலிய பதிப்புகளுக்கு உரிய மென்பொருட் களஞ்சியங்கள் உள்ளன. அங்கிருந்து பெறுபவை மின் கையொப்பத்தால் சரிபார்க்கப்படுகின்றன. இவை சான்றட்டை பெற்ற விதையை ஒப்பன. கண்ட இடங்களில் மென்பொருளைப் பெறுதல் கூடாது. பாதுகாப்புத் திருத்தங்களையும் தவறாது ஏற்க வேண்டும். உபுண்டுவின் நெடுங்கால ஆதரவுப் பதிப்பு 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளிவருகிறது. அதற்கு 5 ஆண்டுகள் திருத்தங்கள் கிடைக்கும். அக்காலம் முடியுமுன் புதிய பதிப்புக்கு மாறுதல் அவசியம்.

நகல் எடுத்தல்

வட்டு பழுதானால் லினக்ஸும் காப்பாற்றாது. ஆகையால் வாரந்தோறும் வேறொரு வட்டில் நகல் எடுத்து, அதனை வேறோர் இடத்தில் வைத்தல் வேண்டும். பென் டிரைவில் எழுதப்படும் விவரம் சிறிது நேரம் நினைவகத்தில் தங்கியிருக்கக்கூடும். எனவே 'வெளியேற்று' என்னும் கட்டளை கொடுத்த பின்னரே அதனைக் கழற்றுக. எடுத்த நகலை அவ்வப்போது திறந்து பார்த்தலும் தேவை.

பழுதுற்ற கணிப்பொறிக்கு மாற்று வாங்கலாம். பட்டியல் அழிந்தாலோ, உதவிக்கு உரிய ஏழையின் பெயர் விடுபடும். வரி செலுத்தியவர் பழைய ரசீதைத் தேடி அலைய நேரும். ஊராட்சி உறுப்பினர்கள் இப்பழக்கங்களைத் தம் அலுவலகத்தில் நிலைபெறச் செய்வார்களாக.