தித்திவங்சாவை ஊடுருவும் தடம்

கேள்வி: கிழக்குக்கரை ரயில் திட்டத்தில் பயணிகளும் சரக்கும் ஒரே தடத்திலா மலையைக் கடக்கும்? (வாசகர், கிள்ளான்)

பதில்: ஆம், ஒரே தடத்தில்தான். கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து ரயிலில் கிளந்தான் செல்வோர், தித்திவங்சா மலைத்தொடரைக் கடக்க வழியின்றித் தெற்கே கெமாஸ் வரை இறங்கி, 1931இல் நிறைவுற்ற பாதையில் தும்பாட்டை அடைகின்றனர். கோத்தா பாருவையும் கிள்ளான் துறைமுகத்தையும் 665 கிலோமீட்டரில் இணைக்கத் திட்டமிடப்பட்ட புதிய பாதையோ, பெந்தோங்குக்கும் கோம்பாக்குக்கும் இடையே 16.39 கிலோமீட்டர் இரட்டைச் சுரங்கத்தால் மலையை ஊடுருவுகிறது. பயணிகள் ரயிலுக்கு மணிக்கு 160, சரக்கு ரயிலுக்கு 80 கிலோமீட்டர் என வேகம் வேறுபடுவதால், மெதுவானது ஒதுங்கி நின்று வேகமானதற்கு வழிவிடும் கிளைத்தடங்கள் இன்றியமையாதவை. இரு தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலமாகிய 'கேஜ்' பழையதில் 1,000 மில்லிமீட்டர், புதியதில் 1,435. ஆகவே பெட்டிகள் தடம் மாறி ஓட முடியாது, கொள்கலன்களைப் பளுதூக்கியால் இறக்கி ஏற்றியாக வேண்டும். சுரங்கத்துக்குள் மலைக்காட்சி கிடைக்காது. காட்டையும் ஆற்றையும் கண்ணாரக் காட்டும் பழைய பாதையைக் கைவிடலாகாது.