உளவியல் அறிக்கை எழுதும் முறை

காய்ச்சலின் அளவை வெப்பமானி காட்டுகிறது. எலும்பு முறிவை எக்ஸ்-கதிர்ப் படம் காட்டுகிறது. இவற்றைப் பார்க்கும் மருத்துவர் எவராயினும் ஏறத்தாழ ஒரே முடிவுக்கு வருவர். மனத்தின் நிலையை அவ்வாறு படம் பிடித்துக் காட்டும் கருவி இல்லை. நோயாளியோடு பேசியும், அவரது நடத்தையை நோக்கியும், சோதனைகள் நடத்தியும் அறிந்தவற்றை உளவியலார் சொற்களாலேயே பிறர்க்கு உணர்த்தவேண்டியுள்ளது. அச்சொற்களின் தொகுதியே உளவியல் அறிக்கை எனப்படுவது.

அறிக்கையை முறைப்படி எழுதிக் கையொப்பமிடும் பொறுப்பு பயிற்சி பெற்ற மருத்துவ உளவியலாருக்கே உரியது. இந்தியாவில் 1992ஆம் ஆண்டின் மறுவாழ்வு மன்றச் சட்டம் அவர்களைப் பதிவேட்டில் பதிவு செய்ய வகை செய்துள்ளது. எனினும், குழந்தையை முதலில் அனுப்பிவைப்பவர் ஆசிரியர். வீட்டு நிலையை அறிந்து கூறுபவர் களப்பணியாளர். அறிக்கை வந்தபின் அதன்படி நடக்கவேண்டியவர்களும் இவ்விருவரே. ஆதலின் அறிக்கை எவ்வாறு எழுதப்படுகிறது, அதனை எவ்வாறு படிப்பது என்பவற்றை இவர்கள் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

வினாவே அறிக்கையின் வேர்

1896ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், லைட்னர் விட்மர் என்னும் உளவியற் பேராசிரியரிடம் பள்ளி ஆசிரியை ஒருவர் பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனை அழைத்து வந்தார். சிறுவனுக்குச் சொற்களை எழுத்துக் கூட்டி எழுத வரவில்லை. விட்மர் அவனைச் சோதித்தபோது பார்வையில் குறை இருப்பதை அறிந்தார். கண்ணாடியும், அதனைத் தொடர்ந்து பயிற்சியும் அளிக்கப்பட்டன. உலகின் முதல் உளவியல் மருத்துவமனை இவ்வாறே தோன்றியது. ஓர் ஆசிரியை கொணர்ந்த குறிப்பான வினாவே அதற்குக் காரணமாயிற்று என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

வினா தெளிவாயின் அறிக்கையும் தெளிவாகும். “மனநிலையைச் சோதித்து அறிக்கை தருக” என்று மட்டும் எழுதியனுப்பினால் உளவியலார் எதைத் தேடுவது என அறியார். “இச்சிறுமி மூன்றாம் வகுப்பில் ஈராண்டு பயின்றும் எழுத்துகளை அடையாளம் காணவில்லை; காரணம் யாது? எவ்வாறு கற்பிக்கலாம்?” என்று கேட்பின் விடை அவ்வினாவைச் சுற்றியே அமையும். நல்ல அறிக்கையின் முதற்பகுதியில் இவ்வினா எழுதப்பட்டிருக்கும். முடிவுப் பகுதியில் அதற்கு நேர்விடை இருக்கும். இவ்விரண்டும் இல்லாத அறிக்கை எத்துணைப் பக்கங்கள் கொண்டதாயினும் பயன் குறைந்ததே.

கண்டது, கேட்டது, கருதியது

அறிக்கையில் வரும் செய்திகள் மூவகையின. எழுதுபவர் தாமே கண்டதும் அளந்ததும் ஒருவகை. பெற்றோரும் ஆசிரியரும் நோயாளியும் கூறக் கேட்டது இரண்டாவது. இவற்றினின்று எழுதுபவர் ஊகித்துக் கருதியது மூன்றாவது. படிப்பவர் எந்த வாக்கியம் எவ்வகையைச் சார்ந்தது என ஐயமின்றி அறியும்படி எழுதுதலே இக்கலையின் தலையாய விதி. இவை ஒன்றோடொன்று கலந்துவிட்டால் ஊகம் உண்மையென நின்றுவிடும்.

எடுத்துக்காட்டாக ஒரு சிறுமியைக் கற்பனை செய்துகொள்வோம். ஜார்க்கண்ட் மாநிலத்தில் சந்தாலி மொழி பேசும் குடும்பத்தில் பிறந்தவள், வயது ஒன்பது, இந்தி வழியிற் கற்பிக்கும் பள்ளியில் பயில்கின்றாள். அவளைப்பற்றிய அறிக்கை ஒன்று இவ்வாறு அமைகிறது எனக் கொள்வோம்:

“சிறுமி மந்தபுத்தி உடையவள். பிடிவாத குணம் உண்டு. சோதனைக்கு ஒத்துழைக்கவில்லை. பெற்றோர் அக்கறையற்றவர்கள்.”

இந்நான்கு வாக்கியங்களில் கண்டது ஒன்றேனும் இல்லை, யாவும் கருதியவையே. இதே சந்திப்பைப் பின்வருமாறும் எழுதலாம்:

“இந்தியில் கேட்ட பத்து வினாக்களில் இரண்டிற்கு விடையளித்தாள், ஏனையவற்றிற்குத் தலைகுனிந்து மௌனமாயிருந்தாள். அவ்வினாக்களையே தாயார் சந்தாலியில் கேட்டபோது ஏழிற்கு விடையளித்தாள். இது சோதனையின் வரையறுத்த முறையன்று. ஆதலின் மதிப்பெண்ணிற் சேர்க்கப்படவில்லை. கட்டைகளை அடுக்கி வடிவம் அமைக்கும் பணியைத் தன் வயதிற்குரிய அளவில் முடித்தாள். வலப்புறமிருந்து மெல்ல அழைத்தபோது உடனே திரும்பினாள். இடப்புறமிருந்து அழைத்தபோது மும்முறையும் திரும்பவில்லை. இடக்காதில் ஈராண்டாகச் சீழ் வடிவதாகத் தாயார் கூறினார். செவித்திறன் குறையும் மொழி வேறுபாடும் கல்வியைத் தடுக்கின்றன எனக் கருத இடமுண்டு. செவிப்பரிசோதனை முடியும்வரை நுண்ணறிவு பற்றி முடிவு கூறுதல் பொருந்தாது.”

முதல் அறிக்கையின் விளைவாகச் சிறுமி அறிவுத்திறன் குறைந்தோர் பட்டியலில் சேர்க்கப்படுவாள். காது நோய் வளர்ந்துகொண்டே போகும். இரண்டாவது அறிக்கை அவளைச் செவி மருத்துவரிடம் கொண்டுசேர்க்கும். சிறுமி ஒருத்தியே; சந்திப்பும் ஒன்றே. எழுதிய முறை அவளுடைய எதிர்காலத்தை இரு வேறு வழிகளில் திருப்பிவிடுகிறது.

எண்களைக் கூறும் முறை

எண்ணைக் கண்டவுடன் அதனை முடிந்த முடிபாக ஏற்பது மனித இயல்பு. நுண்ணறிவு ஈவு பிறந்த தேதியைப் போன்றதன்று. இன்று வழங்கும் சோதனைகள் பலவற்றில் சராசரி 100 ஆகவும், திட்ட விலக்கம் 15 ஆகவும் அமைக்கப்பட்டுள்ளன. நன்கு அமைந்த சோதனையிலும் சிறிது அளவீட்டுப் பிழை உண்டு. திட்டப்பிழை 4 புள்ளிகள் எனக் கொண்டால், 68 என்னும் ஈவு ஏறத்தாழ 60க்கும் 76க்கும் இடைப்பட்டது எனவே பொருள்படும். 70 என்னும் எல்லைக்கோடு இவ்விடைவெளிக்குள்ளேயே விழுகிறது. ஆகவே ஈவு ஒன்றை மட்டும் கொண்டு அறிவுத்திறன் குறைபாடு என்று தீர்ப்பளித்தல் தவறு. உண்ணல், உடுத்தல், பணம் கையாளல், பிறரோடு பழகல் முதலிய அன்றாட வாழ்க்கைத் திறன்களையும் அளந்து, குறை வளர்ச்சிப் பருவத்திலேயே தொடங்கியதா என்பதையும் அறிதல் வேண்டும்.

சோதனை எந்த மக்களுக்காக, எந்த ஆண்டில் அமைக்கப்பட்டது என்பதையும் அறிக்கை கூறவேண்டும். பிரான்சில் 1905இல் பினே, சிமோன் ஆகியோர் வகுத்த சோதனையின் வழியில் வி. வி. காமத் கன்னட, மராத்தி மொழிக் குழந்தைகளுக்கு ஏற்ப அமைத்த சோதனை 1940இல் நூல்வடிவம் பெற்றது. சி. எம். பாட்டியா 1955இல் வெளியிட்ட செயற்சோதனைத் தொகுதி, எழுத்தறிவில்லாதாருக்கும் பயன்படுமாறு 11 முதல் 16 வயதுச் சிறுவர்க்கென உத்தரப் பிரதேசத்தில் தரப்படுத்தப்பட்டது. இவை நம் நாட்டு உளவியல் வரலாற்றில் சிறப்பிடம் பெற்ற முயற்சிகள். ஆனால், எட்டு வயதுச் சிறுமிக்குப் பாட்டியா சோதனையை நடத்தி ஈவு கூறினால் அவ்வெண்ணிற்கு அடிப்படையே இல்லை. பழைய தர அட்டவணைகளில் மற்றொரு சிக்கலும் உண்டு. சோதனைகளில் மக்கள் பெறும் சராசரி மதிப்பெண் தலைமுறைதோறும் பல நாடுகளில் உயர்ந்து வந்துள்ளதை ஜேம்ஸ் பிளின் 1980களில் எடுத்துக்காட்டினார். எனவே நெடுங்காலத்திற்கு முற்பட்ட அட்டவணையோடு இன்றைய குழந்தையை ஒப்பிட்டால் ஈவு மிகுத்துக் காட்டப்படலாம். உதவி தேவைப்படும் குழந்தை அதனால் விடுபட்டுப் போகக்கூடும்.

எவர்க்கும் பொருந்தும் வாக்கியங்கள்

1948இல் பெர்ட்ராம் போரர் என்னும் அமெரிக்க உளவியலார் தம் மாணவர் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை ஒன்று நடத்தி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியே முடிவுக் குறிப்பு ஒன்று வழங்கினார். அது தமக்கு எவ்வளவு பொருந்துகிறது என மதிப்பிடச் சொன்னபோது, ஐந்திற்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் அளித்தனர். உண்மையில் யாவருக்கும் வழங்கப்பட்டது ஒரே குறிப்பே. அதன் வாக்கியங்கள் பெரும்பாலும் கடையில் விற்ற சோதிட நூலொன்றிலிருந்து எடுக்கப்பட்டவை.

“உள்ளூர அச்சம் உடையவர்; பிறர் பாராட்டை விரும்புபவர்; சில வேளைகளில் தனிமையை நாடுபவர்” என்பன போன்ற வாக்கியங்கள் எவர்க்கும் பொருந்துவன. பொருந்துவதாலேயே அவை உண்மைபோல் தோன்றுகின்றன. ஆனால், இந்நோயாளியைப்பற்றி அவை யாதொன்றும் கூறவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதியபின், “இதனை அடுத்த நோயாளியின் அறிக்கையில் வைத்தால் அங்கும் பொருந்துமா?” என்று கேட்டுப் பார்க்கவேண்டும். பொருந்துமாயின் அதனை நீக்கிவிடலாம்.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. தவறிவிடுவோமோ என்னும் அச்சத்தால், “இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்” என எழுதி ஒதுங்கிக்கொள்வதே அது. சான்று வலுவாயின் முடிவைத் திட்டமாகக் கூறவேண்டும். சான்று போதாதாயின் எது தெரிந்தால் முடிவு கூற இயலும் என்பதைச் சொல்லவேண்டும். அவசரச் செய்தியை அறிக்கையின் நடுவே புதைத்துவைத்தலும் ஆகாது. நோயாளி உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை வெளியிட்டால், அறிக்கை முடியும்வரை காத்திராது அன்றே மருத்துவருக்கு நேரிற் கூறி, பின்னர் எழுத்திலும் பதியவேண்டும்.

சொற்களும் சட்டமும்

1912ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம் மனநோயாளரைப் பித்தர் என்னும் பொருள்படும் சொல்லாற் குறித்தது. மூடர் என்னும் பொருளுடைய சொல்லும் அதன் வரையறையில் இடம்பெற்றது. அன்று அவை சட்டச் சொற்கள். இன்று வசைச் சொற்கள். அச்சட்டத்தை 1987ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. அதன் இடத்திற்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ளது. இச்சட்டம் மனநோயாளிக்குத் தம் அடிப்படை மருத்துவப் பதிவுகளைப் பெறும் உரிமையையும், அவை மறைவாகக் காக்கப்படும் உரிமையையும், சில விதிவிலக்குகளோடு, வழங்குகிறது. முன்பு சிகிச்சை பெற்றார் என்பதை மட்டும் கொண்டு ஒருவரை இன்று மனநோயாளி எனத் தீர்மானித்தல் கூடாது எனவும் கூறுகிறது. அறிவுத்திறன் குறைபாடும் குறிப்பிட்ட கற்றற் குறைபாடும் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளுள் அடங்குவன.

நோயாளியே ஒருநாள் இதனைப் படிப்பார் என்னும் நினைவோடு எழுதுவது இதனால் கடமையாகிறது. ‘மந்தன்’, ‘முரடன்’, ‘நாடகமாடுகிறாள்’ என்னும் சொற்களை நீக்கி, செய்த செயலை எழுதினால் மரியாதையும் காக்கப்படும், செய்தியும் கூடும். பள்ளிக்கு அனுப்பும் படியில் கற்பித்தலுக்கு வேண்டியவை மட்டும் இருத்தல் நலம். குடும்பத்துப் பூசலும் தந்தையின் குடிப்பழக்கமும் ஆசிரியர் அறைப் பேச்சாக மாறுதற்கு இடந்தரலாகாது.

பரிந்துரைகள்

“சிறப்புக் கவனம் தேவை” என்பது பரிந்துரையன்று. யார், எதனை, எப்பொழுது செய்யவேண்டும் என்பது விளங்கவேண்டும். முற்கூறிய சிறுமிக்கு இவ்வாறு எழுதலாம்:

1. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய காரியக்ரம் திட்டத்தின் மாவட்ட நிலையத்தில் ஒரு மாதத்திற்குள் செவிப்பரிசோதனை. அழைத்துச் செல்பவர் களப்பணியாளர்.

2. வகுப்பில் முன்வரிசையில், ஆசிரியர் வலக்காதின் பக்கம் இருக்குமாறு இடம் அமைத்தல்.

3. புதிய சொற்களைச் சந்தாலியிற் கூறி, பின்னர் இந்தியிற் கற்பித்தல்.

4. செவிச் சிகிச்சை முடிந்து மூன்று மாதங்கழித்து, சந்தாலி அறிந்தவரால் மறுசோதனை.

ஆசிரியரும் களப்பணியாளரும் தரும் குறிப்பு

அனுப்புக் குறிப்பு அரைப்பக்கம் இருப்பினும் போதும். நோய்ப்பெயரை அதில் எழுதவேண்டுவதில்லை. குழந்தையால் எவை இயலும், எவை இயலவில்லை; எப்பொழுது முதல்; பள்ளிக்கு வந்த நாட்கள் எத்தனை; வீட்டில் பேசும் மொழி யாது; பார்வை, செவி ஆகியவை சோதிக்கப்பட்டனவா; வலிப்போ தலையிற் காயமோ உண்டா; இதுவரை செய்த முயற்சிகள் எவை என்பவற்றைத் தேதியோடு எழுதவேண்டும். குழந்தையின் நோட்டுப் புத்தகத்திலிருந்து இரு பக்கங்களை இணைத்தனுப்புதல் பல வரி வருணனையினும் மேலானது.

பயிற்சி

1. “மாணவன் சோம்பேறி; பாடத்தில் கவனமில்லை” என்பதை, ஒரு வாரம் அவனை நோக்கியபின், கண்டவற்றை மட்டும் கொண்டு ஐந்து வாக்கியங்களில் எழுதுக.

2. நும்மிடம் உள்ள பழைய குறிப்பு ஒன்றில் கண்டது, கேட்டது, கருதியது ஆகிய மூன்றையும் தனித்தனியே குறியிடுக.

3. ஈவு 72 எனக் கூறும் அறிக்கை ஒன்று வந்துள்ளது. முடிவை ஏற்குமுன் உளவியலாரிடம் கேட்கவேண்டிய நான்கு வினாக்களை எழுதுக.