மாதவிடாய் நின்றபின் இரத்தப்போக்கு: காரணம் அறியும் முறை

பெங்களூரில் அல்சூரை அடுத்துள்ள மர்பி டவுன், கண்டோன்மென்ட் காலத்தில் தொழிலாளர் குடியிருப்பாக உருவான பகுதியாகும். இத்தகைய பகுதிகளிலும் நாட்டின் பிற இடங்களிலும், ஐம்பதைக் கடந்த பெண்ணுக்கு ஏற்படும் இரத்தப்போக்கு "உடற்சூடு" என்று ஒதுக்கப்படுவதும், கூச்சத்தால் மறைக்கப்படுவதும் உண்டு. இத்தாமதமே குணப்படுத்தக்கூடிய நோயை முற்றவிடுகிறது.

எது இயல்பு அன்று?

தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராதிருப்பின், அது நின்றுவிட்டதாகக் கொள்ளப்படும். இந்தியப் பெண்களுக்கு இது பெரும்பாலும் 46, 47 வயதையொட்டி நிகழ்கிறது. அதன்பின் ஒருமுறை சிறிதளவு இரத்தம் கண்டாலும் காரணம் ஆராயப்பட வேண்டும்.

காரணங்கள்

இவ்வாறு வருவோருள் பெரும்பாலோர்க்குப் புற்றுநோய் இருப்பதில்லை. ஹார்மோன் குறைவதால் பிறப்புறுப்பின் உட்பகுதியும் கருப்பையின் உட்படலமும் மெலிந்து உலர்வதே முதன்மையான காரணம். பாலிப் எனும் சதை வளர்ச்சி, உட்படலம் தடித்தல், சில ஹார்மோன் மாத்திரைகள் ஆகியவையும் காரணமாகலாம். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்குக் கருப்பைப் புற்றுநோய் காணப்படுகிறது. உடற்பருமனும் நீரிழிவும் இந்நோயின் வாய்ப்பை மிகுவிக்கின்றன. கருப்பை வாய்ப் புற்றுநோயும் நம் நாட்டில் மறக்கத்தகாதது.

ஆய்வின் வரிசை

முதலில், உட்கொள்ளும் மருந்துகள் விசாரிக்கப்படும். இரத்தம் சிறுநீர்வழியோ ஆசனவாய்வழியோ வருகிறதா என்பதும் தெளிவாக்கப்படும். அடுத்து, கருப்பை வாய் நேரில் பார்வையிடப்படும். பின்னர் பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன் மூலம் உட்படலத்தின் தடிப்பு அளக்கப்படும். அது 4 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாயின், கருப்பைப் புற்றுநோய்க்கான வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு. மிகுதியாயினும், இரத்தப்போக்கு மீண்டும் வரினும், திசு எடுத்துச் சோதிக்க வேண்டும். திசுச் சோதனையே முடிவான சான்று.

இங்கு இரு தவறுகள் தவிர்க்கப்பட வேண்டும். பாப் சோதனை கருப்பை வாய்க்கு உரியது. அதன் முடிவு சரியாக இருப்பது கருப்பைக்குள் நோயில்லை என்பதற்குச் சான்றாகாது. இரண்டாவது, காரணம் அறியாமலேயே கருப்பையை அகற்றுதல். புற்றுநோயாயின் அறுவை முறையே வேறுபடும்.

நிர்வாகத்தின் கடமை

பெங்களூரில் கித்வாய் நினைவுப் புற்றுநோய் நிலையம் 1973-இல் நிறுவப்பட்டது; நகரின் புற்றுநோய்ப் பதிவேடு 1982-இல் தொடங்கியது. எனவே மர்பி டவுன் பெண்ணுக்கு நிறுவனம் தொலைவில் இல்லை. அங்குச் சென்று சேரும் வழியே சீராக வேண்டும். 30 முதல் 65 வயது வரையிலான பெண்களுக்கு அரசு நடத்தும் கருப்பை வாய்ப் பரிசோதனை, அறிகுறி இல்லாதோர்க்கு உரியது. இரத்தப்போக்கு உள்ளவரை அடுத்த முகாமுக்குக் காத்திருக்கச் சொல்லாமல், உடனே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கூலிவேலை செய்பவருக்கு ஒவ்வொரு வருகையும் ஒருநாள் ஊதிய இழப்பு. ஸ்கேனையும் திசு எடுத்தலையும் இயன்றவரை ஒரே நாளில் முடிப்பது செலவைக் குறைக்கும். நோயாளி பாதிவழியில் நின்றுவிடாமலும் காக்கும்.