முகம் திறவுகோல் ஆகுமா? – தனிப்பட்ட கோப்புகளைக் காக்கும் முக அறிதலும் மறையாக்கமும்

முன்னுரை

ஒரு மாணவரின் மடிக்கணினியில் இன்று என்னவெல்லாம் இருக்கின்றன? பாதி எழுதிய ஆய்வேடு, அடையாள அட்டையின் நகல், பிடிபிடிஎன் கடன் ஆவணங்கள், வங்கி அறிக்கைகள், குடும்பப் படங்கள். அக்கணினி நூல்நிலையத்தில் களவு போனால் இழப்பு சில ஆயிரம் ரிங்கிட்டோடு முடிவதில்லை. "என் முகத்தைப் பார்த்தால்தான் என் கணினி திறக்கும், எனக்கு என்ன கவலை?" என்பார் பலர். அந்த நம்பிக்கை எந்த அளவுக்குச் சரி என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கணினி முகத்தை எவ்வாறு அறிகிறது?

நாம் முகத்தைப் பார்ப்பது போலக் கணினி பார்ப்பதில்லை. அது முகத்தை எண்களாக மாற்றிக்கொள்கிறது. 1991-இல் மேத்யூ டர்க், அலெக்ஸ் பென்ட்லாண்ட் ஆகியோர் ஒவ்வொரு முகத்தையும் சில அடிப்படை முகங்களின் கலவையாகக் கணக்கிடும் முறையை வெளியிட்டனர். 2015-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஃபேஸ்நெட் முறை, ஒரு முகத்தை 128 எண்களாகச் சுருக்குகிறது. ஒரே மனிதரின் இரு படங்கள் நெருங்கிய எண்களைத் தரும். வெவ்வேறு மனிதரின் படங்கள் விலகிய எண்களைத் தரும். இடைவெளி குறிப்பிட்ட எல்லைக்குள் இருந்தால் "இவர்தான்" என்று கணினி முடிவு செய்கிறது. ஆகவே, அதன் விடை "ஏறக்குறைய இவர்" என்பதே.

மறையாக்கம் என்றால் என்ன?

கோப்பைப் பிறர் படிக்க இயலாதவாறு குழப்பி வைப்பதே மறையாக்கம். 2001-இல் அமெரிக்கா தரநிலையாக ஏற்றுக்கொண்ட ஏஇஎஸ் முறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. இதை வடிவமைத்தவர்கள் யோவான் டேமன், வின்சென்ட் ரைமன் என்னும் இரு பெல்ஜியர்கள். இதன் திறவுகோல் 128, 192 அல்லது 256 பிட் நீளமுள்ள ஓர் எண். அதில் ஒரே ஒரு பிட் பிழையானாலும் கோப்பு திறக்காது. இங்கே "ஏறக்குறைய" என்பதற்கு இடமே இல்லை.

சிக்கல் இங்கேதான் எழுகிறது. முகம் ஒவ்வொரு முறையும் சற்று மாறுகிறது. வெளிச்சம், தாடி, மூக்குக்கண்ணாடி, தலையின் சாய்வு என எதுவும் எண்களை மாற்றிவிடும். மாறும் முகத்திலிருந்து மாறாத திறவுகோலை எப்படிப் பெறுவது?

இரு வழிகள்

முதல் வழி எளியது. திறவுகோலைக் கணினி தானாக உருவாக்கி, ஒரு பாதுகாப்புச் சில்லுக்குள் வைத்துக்கொள்கிறது. முகம் பொருந்தினால் சில்லு அதைப் பயன்படுத்த அனுமதிக்கிறது. முகம் இங்கே திறவுகோல் அன்று. திறவுகோலைக் காக்கும் காவலாளி. ஐபோனின் ஃபேஸ் ஐடி, விண்டோஸ் ஹலோ ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

இரண்டாம் வழியில் முகத்தின் பிட்டுகளே திறவுகோலோடு கலக்கின்றன. 1999-இல் ஆரி ஜூயல்ஸ், மார்ட்டின் வாட்டன்பர்க் ஆகியோர் இதற்கு ஒரு முறையை வகுத்தனர். கீறல் விழுந்த குறுந்தட்டு தடையின்றிப் பாடுவதற்குக் காரணம் பிழைதிருத்தக் குறியீடு. அதே உத்தியால் திறவுகோலை நீட்டி எழுதி, அதனோடு முகத்தின் பிட்டுகளைக் கலந்து சேமிப்பார்கள். அடுத்த முறை புதிய முகத்தின் பிட்டுகளைக் கழித்தால் சில பிழைகளோடு திறவுகோல் கிடைக்கும். குறியீடு அப்பிழைகளைத் திருத்திவிடும். முகமும் திறவுகோலும் தனித்தனியே எங்கும் சேமிக்கப்படுவதில்லை என்பது இதன் சிறப்பு.

குறைகள்

முதலாவது, வலிமை. யாரோ ஒருவரின் முகம் ஃபேஸ் ஐடியைத் திறக்கும் வாய்ப்பு 1,000,000-இல் ஒன்றுக்கும் குறைவு என்கிறது ஆப்பிள். பெரிய எண்தான், ஆனால், அது ஏறக்குறைய 20 பிட் அளவே. ஏஇஎஸ் கேட்பதோ குறைந்தது 128 பிட். ஐந்து முறை தவறினால் கடவுக்குறியைக் கேட்பதால்தான் கைப்பேசியில் இது போதுமானதாகிறது. கோப்பை நகலெடுத்துச் சென்று ஓய்வாக முயல்பவனுக்கு அந்தத் தடை இருக்காது. இரட்டையர்களையும் இம்முறை குழப்பிக்கொள்ளக்கூடும்.

இரண்டாவது, ஏமாற்று. 2009-இல் வியட்நாமிய ஆய்வாளர்கள், அன்றைய லெனோவோ, ஆசுஸ், தோஷிபா மடிக்கணினிகளின் முகப்பூட்டை வெறும் படத்தைக் காட்டியே திறந்தனர். இன்று ஃபேஸ் ஐடி 30,000-க்கும் மேற்பட்ட அகச்சிவப்புப் புள்ளிகளால் முகத்தின் ஆழத்தையும் அளக்கிறது. ஆயினும், சாதாரண கேமராவை மட்டும் நம்பும் செயலிகள் இன்னும் உள்ளன.

மூன்றாவது, மாற்ற முடியாமை. கடவுச்சொல் கசிந்தால் மாற்றலாம். முகத்தை மாற்ற இயலுமா? 2005-இல் நம் நாட்டில், கைரேகையால் இயங்கும் மெர்சிடிஸ் காரைத் திருடியவர்கள் உரிமையாளரின் விரலையே வெட்டிச் சென்றனர். உடலைத் திறவுகோலாக்கினால் ஆபத்தும் உடலைத் தேடி வருகிறது. உறங்குபவரின் முன்னால் கைப்பேசியை நீட்டுவதும் இவ்வகைதான். நமது தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2024-இல் திருத்தப்பட்டபோது, உடற்கூறு அடையாளத் தரவு உணர்திறன்மிக்க தரவுகளோடு சேர்க்கப்பட்டதன் பொருள் இங்கே விளங்கும்.

நாம் செய்ய வேண்டியவை

1. முகப்பூட்டு வேறு, மறையாக்கம் வேறு. வட்டு மறையாக்கம் இல்லாத கணினியின் வட்டைக் கழற்றி வேறு கணினியில் பொருத்தினால், முகம் இல்லாமலே கோப்புகளைப் படிக்கலாம். ஆகவே பிட்லாக்கர், ஃபைல்வால்ட் போன்றவை இயங்குகின்றனவா என்று முதலில் பாருங்கள்.

2. பென் டிரைவுக்கு நகலெடுத்த கோப்பு பொதுவாக மறையாக்கம் இன்றியே சென்றுவிடும். முக்கியக் கோப்புகளை வெராகிரிப்ட் போன்ற இலவசச் செயலியால் தனியே பூட்டுங்கள்.

3. முகப்பூட்டின் பின்னால் ஒரு கடவுக்குறி எப்போதும் உண்டு. அது பிறந்த தேதியாக இருந்தால் முகப்பூட்டால் பயனில்லை. நீண்ட கடவுத்தொடரை வையுங்கள்.

4. பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புக் குறியைத் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள். அதைத் தொலைத்தால் திருடனுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் கோப்பு கிடைக்காது.

முடிவுரை

முகம் நாம் நாள்தோறும் எல்லாருக்கும் காட்டித் திரியும் ஒன்று. இரகசியமில்லாத ஒன்று இரகசியத்தைத் தனியே காக்க முடியாது. முகம் வாயிற்காவலனாக நிற்கட்டும். பெட்டகத்தின் சாவி மனத்திலேயே இருக்கட்டும். இன்றிரவே உங்கள் மடிக்கணினியின் மறையாக்க அமைப்பைத் திறந்து பாருங்கள், நண்பர்களே.