மூன்று தளங்கள், ஒரே ரீஸ்டோர்

விடுதிகளுக்கான பில் மென்பொருள் ஒன்றை டாட்நெட்டில் எழுதிப் பராமரித்து வருகிறேன். வரவேற்பு மேசையில் விண்டோஸ், சர்வரில் ஆல்பைன் லினக்ஸ், சமையலறைப் பிரிண்டரோடு ஒரு ராஸ்பெர்ரி பை. புதுச்சேரிக்குள் சிக்கல் என்றால் ஸ்கூட்டரில் போய்ச் சரிசெய்துவிடலாம். ஆனால் நம் யூனியன் பிரதேசம் ஒரே இடத்திலா இருக்கிறது? மாஹே கேரளக் கரையில், யானம் காக்கிநாடா பக்கம். அங்கே போகும் பைலில் ஒரு லைப்ரரி விடுபட்டால் போனிலேயே மல்லுக்கட்ட வேண்டும். அதனால் ரீஸ்டோர் விஷயத்தில் நான் கறார்.

ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக ரீஸ்டோர் செய்யாதீர்கள். விண்டோஸுக்குச் செய்துவிட்டு அடுத்து லினக்ஸ்-ஆர்ம்64க்குச் செய்தால், 'ஆப்ஜ்' போல்டரில் உள்ள அசெட்ஸ் பைல் புதிதாக எழுதப்படும், முந்தையது போச்சு. பிறகு ரீஸ்டோரைத் தவிர்த்து விண்டோஸுக்குப் பப்ளிஷ் செய்தால், அந்தத் தளமே பைலில் இல்லை என்று நெட்எஸ்டிகே1047 பிழை வரும். புராஜெக்ட் பைலில் 'ரன்டைம்ஐடென்டிஃபையர்ஸ்' என்று பன்மையில் போட்டு, எல்லாத் தளங்களையும் அரைப்புள்ளியிட்டு எழுதுங்கள். ஒரே ரீஸ்டோரில் முடிந்துவிடும். ஆல்பைனுக்கு லினக்ஸ்-எக்ஸ்64 சரிப்படாது, லினக்ஸ்-மசல்-எக்ஸ்64 என்றே எழுத வேண்டும். பேக்கேஜ் லாக் பைலையும் கிட்டில் ஏற்றி, பில்டு சர்வரில் 'லாக்டு மோட்' வையுங்கள். பதிப்பு ஏதும் நமக்குத் தெரியாமல் மாறாது.

நூகெட் கொண்டுவராத சார்புகளும் உண்டு. எங்கள் ஊரில் அது சட்டென்று தெரிந்துவிடும், ஏனென்றால் பிரெஞ்சு விருந்தினருக்கு பிரெஞ்சு முறையில் பில் கேட்பார்கள்: தசமத்துக்குப் புள்ளி கிடையாது, காற்புள்ளி. ஆல்பைனுக்கான வழக்கமான டாட்நெட் இமேஜில் மொழி விவரங்களுக்கான ஐசியு இருக்காது. விண்டோஸில் ஒழுங்காக வந்த பில், சர்வரில் பிழையோடு நிற்கும். ஐசியு-லிப்ஸ் மட்டும் போதாது. ஐசியு-டேட்டா-ஃபுல்லையும் நிறுவி, இமேஜில் இயல்பாக இயங்கும் 'இன்வேரியன்ட்' முறையை அணைக்க வேண்டும்.

இன்னொன்று மழை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட நாளில் நெட்டை நம்பி ரீஸ்டோர் செய்ய முடியாது. நூகெட் பேக்கேஜ் போல்டரை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, கான்பிக் பைலில் அதையே மூலமாகக் காட்டலாம். அடுத்த பருவமழைக்கு முன், பேக்கேஜ் எதுவும் இல்லாத வேறொரு கணினியில் நெட்டைத் துண்டித்துவிட்டு, அந்த டிஸ்க்கிலிருந்து ஒருமுறை ரீஸ்டோர் செய்து பார்த்துவிடுங்கள்.